எத்தீமுக்குச் சோறு போடும் வீடு

பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டு ஸுலைஹா அன்று காலையில் எழும்பவில்லை. அடுப்பிலிருந்து வட்டிலப்பம் பதமாக இறங்க வேண்டும், கதிரைகளுக்கு உறை போட வேண்டும், சின்னவள் ஃபஸ்னாவைப் பக்கத்து வீட்டில் அடைத்து வைக்க வேண்டும், இவ்வளவுதான் அவள் போட்ட திட்டம். முதல் இரண்டும் நடந்தன. மூன்றாவதும் நடக்கும் என்று நம்பியது அவளுடைய மடத்தனம். ஃபஸ்னாவை ஓர் இடத்தில் இருத்தி வைக்க அரசாங்கப் பள்ளிக்கூடத்தாலேயே முடியவில்லை.

மூத்தவள் நிஸ்ரினைப் பார்க்க அன்று கற்பிட்டியிலிருந்து மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வருகிறார்கள். இந்தக் கரையில் கல்யாணம் முடித்த மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குக் குடிவருவான். அதனால் வருகிறவர்கள் பெண்ணை மட்டும் பார்த்துவிட்டுப் போவதில்லை. கூரையைப் பார்ப்பார்கள், கிணற்றை எட்டிப் பார்ப்பார்கள், அந்தக் கூரைக்குக் கீழே யார் யார் மூச்சு விடுகிறார்கள் என்பதையும் பார்ப்பார்கள். அப்படிப் பார்த்துத்தான் முன்னர் இரண்டு இடங்கள் கைவிட்டுப் போயின. ஒரு கூட்டம் ஃபஸ்னாவைக் கண்டதும் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிவிட்டது. மற்றக் கூட்டத்தில் ஒரு கிழவி, இது இரத்தத்தில் வருகிற சாமான், நாளைக்கு நம்மட பேரப்பிள்ளைக்கும் வரும் என்று படலையடியில் நின்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து நிஸ்ரின் தங்கச்சியோடு ஒரு பாயில் படுப்பதை விட்டுவிட்டாள்.

ஃபஸ்னாவுக்குப் பத்து வயது. கை கால் குறையில்லாத, வடிவான பிள்ளை. எழுத்துத்தான் அவளிடம் நிற்காது. நேற்றுக் காட்டிய ‘அ’னாவை இன்று காட்டினால் யாரோ வெளியூர் ஆளைப் பார்ப்பது போலப் பார்ப்பாள். உடம்பும் நிற்காது. பள்ளிக்கூட வாங்கில் இருத்தினால் ஜன்னலில் இருப்பாள், ஜன்னலை மூடினால் முற்றத்தில் இருப்பாள். வகுப்பு ஆசிரியை முதலில் அடித்துப் பார்த்தாள். பிறகு, இவளைப் படிப்பிக்கிற நேரத்துக்கு முற்றத்தைக் கூட்ட விட்டால் முற்றமாவது சுத்தமாகும் என்று கண்டுபிடித்துக் கையில் விளக்குமாற்றைக் கொடுத்துவிட்டாள். வீட்டில் ஸுலைஹாவின் அகப்பைக் காம்பு இருந்தது. தகப்பன் உசனார் உப்பளத்தில் வேலை செய்கிற மனிதர். அவர் அடிப்பதில்லை. பொழுது பட்டு வீட்டுக்கு வந்து, பிள்ளை அழுகிற சத்தம் கேட்டால் திரும்பக் களப்புத் தண்ணீர் ஓரம் நடக்கப் போய்விடுவார். அதை எல்லோரும் நல்ல குணம் என்றார்கள்.

ஒரேயொரு ஆள் வேறு மாதிரிக் கதைத்தாள். அது ஃபாஹிமா டீச்சர். இப்படிப்பட்ட பிள்ளைகளைப் படிப்பிப்பதற்கென்றே பயிற்சி எடுத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்தவள். அவள் வீட்டுக்கே வந்து பாயில் உட்கார்ந்து, இந்தப் பிள்ளைக்கு மூளையில் பழுது ஒன்றும் இல்லை, கவனம்தான் ஓடுகிறது, ஓடுகிற கவனத்தைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது என்றாள். ஒரு நேரத்தில் ஒரு சின்ன விஷயம் மட்டும். கொஞ்ச நேரம் மட்டும். சரியாகச் சொன்ன உடனே கை தட்டு, உடனே கையில் ஏதாவது கொடு. பிழையாகச் சொன்னால் அடிக்காதே, ஏசாதே, நாளைக்குத் திரும்ப அதையே தொடங்கு. இவ்வளவுதான் என்று சொல்லி, அங்கேயே ஒரு தோடம்பழ இனிப்பைக் காட்டி ‘அ’னாவைச் செய்தும் காட்டினாள். பிள்ளை ‘அ’னா சொல்லியது. ஸுலைஹா அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, எனக்கெங்க டீச்சர் அதுக்கெல்லாம் நேரம் என்று கேட்டாள். ஃபாஹிமா டீச்சர் இடமாற்றம் கிடைத்துப் போகும் வரைக்கும் அந்த நேரம் அவளுக்குக் கிடைக்கவேயில்லை.

சரி, அந்த நாளுக்கு வருவோம். மாப்பிள்ளையின் தாய் றம்லா ஹஜ்ஜும்மா. மக்காவுக்குப் போய் வந்தவள், கண்டிப்பான பெண், ஹராம் ஹலால் பார்க்காமல் தண்ணீர் கூடக் குடிக்காத பெண். அவள் நிஸ்ரினைப் பக்கத்தில் இருத்திக் கதைத்துக்கொண்டிருந்தபோது குசினிப் பக்கமாக ஒரு சத்தம். ஃபஸ்னா பக்கத்து வீட்டு வேலியில் ஓட்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். முழங்கால் வரைக்கும் சேறு. நேராக மேசைக்கு வந்து, விருந்துக்கு வைத்திருந்த வட்டிலப்பத்துக்குள் ஐந்து விரலையும் விட்டு அள்ளி வாயில் போட்டாள்.

ஹஜ்ஜும்மா கேட்டாள், “இது யாரு புள்ள?”

நிஸ்ரினின் முகம் வெளுத்ததை ஸுலைஹா பார்த்தாள். மூன்றாவது இடமும் எழும்பிப் போகப்போகிறது என்பது தெரிந்தது. அவளுடைய வாய் அவளைக் கேளாமலே திறந்தது.

“எத்தீம் புள்ள ஹஜ்ஜும்மா. மன்னார்ல எங்கட ஊருப் புள்ள. உம்மாவும் வாப்பாவும் மவுத்து. யாரும் இல்ல. நாங்கதான் சோறு குடுத்து வெச்சிருக்கிறம்.”

தாய் தகப்பன் இல்லாத எத்தீம் பிள்ளையின் தலையைத் தடவினால், தடவிய ஒவ்வொரு முடிக்கும் நன்மை எழுதப்படும் என்று இந்தச் சனத்துக்குச் சின்ன வயதிலிருந்தே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஹஜ்ஜும்மாவின் கண் கலங்கியது. அவள் எழும்பி வந்து, சேற்றையும் பாகையும் பொருட்படுத்தாமல் ஃபஸ்னாவின் தலையைத் தடவினாள். பிறந்ததிலிருந்து குட்டு மட்டுமே விழுந்த தலை அது. ஃபஸ்னா அப்படியே அசையாமல் நின்றாள். நிற்கத் தெரியாத பிள்ளை நின்றது. அதைக் கவனிக்க அந்த வீட்டில் ஒருவருக்கும் அப்போது அவகாசம் இருக்கவில்லை.

“எத்தீமுக்குச் சோறு போடுற வூட்டுலதான் என்ட மகன் குடியிருக்கணும்,” என்றாள் ஹஜ்ஜும்மா. சம்பந்தம் அந்த நிமிடத்திலேயே முடிவாயிற்று.

பொய் சொன்னதற்காகச் சம்பந்தம் கலைந்திருந்தால் ஸுலைஹா திருந்தியிருப்பாள். பொய்யே சம்பந்தத்தை ஒட்டிவிட்டதால் அவளுக்கு வேறு வழி இல்லாமல் போய்விட்டது என்று அவள் பிறகு தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். வழி இருந்தது. நடக்கத்தான் அவளுக்கு மனம் இல்லை. நிக்காஹ் முடியட்டும், நிஸ்ரினுக்கு ஒரு பிள்ளை பிறக்கட்டும், பேரப்பிள்ளையின் முகத்தைக் கண்டால் ஹஜ்ஜும்மா எல்லாவற்றையும் மன்னிப்பாள், அப்போது மெல்லமாக உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம் என்பது கணக்கு. நிஸ்ரினும் அதைத்தான் சொன்னாள். உசனார் களப்பு ஓரம் போனார். அக்கம்பக்கத்தாரும் வாயைத் திறக்கவில்லை. எல்லோரும் தொண்ணூறாம் ஆண்டு ஒரே மன்னார்க் கரையிலிருந்து ஒன்றாகத் துரத்தப்பட்டு வந்தவர்கள். சண்டை முடிந்த பிறகும் திரும்பிப் போக முடியாமல் இங்கேயே தங்கிவிட்டவர்கள். ஒரு குமர்ப்பிள்ளையின் கல்யாணத்தைக் கலைத்த பழி யாருக்கு வேண்டும்.

மிச்சம் இருந்தது ஃபஸ்னாவின் வாய் மட்டும். அது எந்த நேரமும் உம்மா உம்மா என்று கத்துகிற வாய்.

அப்போதுதான் ஸுலைஹாவுக்கு ஃபாஹிமா டீச்சர் ஞாபகம் வந்தாள். ‘அ’னாவுக்குக் கிடைக்காத நேரம் இதற்குக் கிடைத்தது. அவள் கடையில் ஒரு பை தோடம்பழ இனிப்பு வாங்கினாள். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு, கதவைச் சாத்தி, பாயை விரித்து, பிள்ளையை முன்னால் இருத்தினாள். ஒரு நேரத்தில் ஒரு சின்ன விஷயம். நான் யார்? சாச்சி, அதாவது சின்னம்மா. பிள்ளை முதலில் உம்மா என்றுதான் சொன்னது. ஸுலைஹா அடிக்கவில்லை, ஏசவில்லை. அடுத்த நாள் திரும்ப அதையே தொடங்கினாள். சாச்சி என்று வந்த அன்றைக்கு இரண்டு கையையும் தட்டி, இனிப்பைக் கையில் வைத்தாள். சாச்சி நின்ற பிறகு அடுத்தது. உன்ட உம்மா எங்க? மவுத்து. அதற்கும் கை தட்டு, அதற்கும் இனிப்பு.

டீச்சர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. பிள்ளை படித்தது. படித்தது மட்டுமல்ல, அந்தப் பாடத்துக்காகக் காத்திருந்தது. பாங்கு சொன்னதும் எங்கே ஓடித் திரிந்தாலும் வந்து, தானே பாயை இழுத்துப் போட்டு, சம்மணம் கட்டி, கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தது. அடி இல்லை, ஏச்சு இல்லை, தாயின் முகம் தன் முகத்துக்கு நேரே, தாயின் கை தனக்காகத் தட்டுகிறது. ஃபஸ்னாவின் பத்து வருடத்தில் அதைப் போல நல்ல காலம் வந்ததில்லை. ஸுலைஹா, இவ்வளவு லேசாகப் படிக்கிற பிள்ளையை இத்தனை வருடம் ஏன் அடித்தேன் என்று ஒரு நாள் பாயிலிருந்து எழும்பிப் போய்க் கிணற்றடியில் நின்று அழுதாள். அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, அடுத்த கேள்வியைத் தொடங்கினாள்.

ஒரு நாள் பிள்ளை முற்றத்தில் ஓடும்போது உடைந்த போத்தல் துண்டை மிதித்துவிட்டது. உள்ளங்கால் ஆழமாகப் பிளந்தது. உம்மா என்று வீடே அதிரக் கத்தியது. ஸுலைஹா குசினி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய உடம்பு எழும்பப் பார்த்தது. ஆனால் முன்வாசலில் கல்யாணப் பேச்சுக்காக வந்த ஆட்கள் இருந்தார்கள், கற்பிட்டிக்காரர். அவள் சுளகைக் கீழே வைக்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. பிள்ளை இன்னொரு தரம் உம்மா என்றது. அரிசி சுளகில் விழுகிற சத்தம்தான் பதிலாக வந்தது.  பிறகு, தேம்பித் தேம்பி, மெல்லிய குரலில், “சாச்சி.”

ஸுலைஹா சுளகைப் போட்டுவிட்டு ஓடினாள். தூக்கினாள், இரத்தத்தைக் கழுவினாள், தன் பழைய சீலையைக் கிழித்துக் கட்டினாள், முந்தானையில் முடிந்து வைத்திருந்த இனிப்பை அவிழ்த்து வாயில் ஊட்டினாள். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை அவளை ஒரு தரமும் உம்மா என்று கூப்பிடவில்லை.

நிக்காஹ் நடந்தது. பெரிய பந்தல், பிரியாணி, ஊரெல்லாம் சாப்பாடு. படம் பிடிக்கும்போது குடும்பத்தை வரிசையாக நிறுத்தினார்கள். ஃபஸ்னா சாப்பிட்ட கோப்பைகளைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை அம்ஜத் குடிவந்ததும் அவளுடைய பாய் அறையிலிருந்து குசினிக்குப் போயிற்று. எத்தீம் பிள்ளை படுக்கும் இடம் அதுதானே. பள்ளிக்கூடமும் நின்றுவிட்டது. அங்கே எல்லோருக்கும் அவள் உசனாரின் மகள் என்று தெரியும், மருமகனின் காதுக்கு வேலை கொடுப்பானேன் என்று நினைத்து, கேட்டவர்களிடம் படிப்பு ஏறாத பிள்ளை என்று சொல்லி ஸுலைஹா நிறுத்திவிட்டாள். முற்றம் கூட்ட வேறு பிள்ளை கிடைத்திருக்கும், அங்கிருந்து யாரும் தேடி வரவில்லை.

அம்ஜத்தைக் குறை சொல்ல முடியாது. டவுனில் கடையில் நிற்கிற, அடக்கமான பொடியன். தலை குனிந்து வருவான், தலை குனிந்து போவான். கெட்ட பிள்ளையாக இருந்திருந்தால் இந்தக் கதை இப்படி முடிந்திராது. மார்க்கம் தெரிந்த பிள்ளை என்பதால் தாயிடம் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டான். அந்த எத்தீம் பிள்ளை வளர்ந்துகொண்டு வருகிறது, எனக்கு அன்னியப் பிள்ளை, வீட்டுக்குள்ளே ஓடித் திரிகிறது, எனக்குச் சங்கடமாக இருக்கிறது உம்மா என்றான்.

ஹஜ்ஜும்மா அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் வானில் வந்து இறங்கினாள். சந்தோசமாக வந்தாள். வாழைக்குலை, பிஸ்கட் பெட்டி, ஃபஸ்னாவுக்குப் புதுச் சட்டை. சாப்பிட்டு முடித்ததும் ஸுலைஹாவின் கையைப் பிடித்துக்கொண்டு கதையைத் தொடங்கினாள்.

“தங்கச்சி, இந்தப் புள்ள பெரிய புள்ளயாகப் போற வயசு. என்ட மகன் குடியிருக்கிற வூட்டுல அன்னியப் புள்ள இரிக்கிறது சரியில்ல. கொழும்புல என்ட மூத்தவளுக்குக் கைப்புள்ள, ஒத்தாசைக்கு ஆளில்ல. நான் கூட்டிட்டுப் போறன். நீங்க இவ்வளவு காலம் நன்மை சம்பாதிச்சிட்டீங்க, மிச்ச நன்மையை எங்களுக்குத் தாங்க.”

ஸுலைஹா முதலில் படிப்பைச் சொல்லிப் பார்த்தாள். படிப்பு ஏறாத பிள்ளை என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றாள் ஹஜ்ஜும்மா. ஊரில் சொந்தக்காரர் யாராவது நாளைக்குக் கேட்டு வந்தால் என்ன செய்வது என்றாள். யாருமே இல்லையென்று சொன்னீர்களே. ஓர் இடத்தில் நிற்காத பிள்ளை, சாமான் உடைக்கும், கைப்பிள்ளைக்காரிக்குப் பெரிய தொல்லை என்றாள். என் மகளின் வீடு நாலாம் மாடியில், கதவைப் பூட்டினால் எங்கே ஓடும், பழக்கினால் வரும் என்று ஹஜ்ஜும்மா சிரித்தாள். ஸுலைஹா ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். ஒவ்வொன்றும் அவளே உள்ளே நின்று பூட்டிய கதவாக இருந்தது.

நிஸ்ரின் எழும்பிப் போய்த் தங்கச்சியின் உடுப்பை ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்தாள். ஒவ்வொன்றையும் மடித்துத்தான் போட்டாள். ஃபஸ்னா புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு வானைச் சுற்றிச் சுற்றி ஓடினாள். வானில் ஏறப்போகிறோம் என்ற சந்தோசம் அவளுக்கு. ஓடி வந்து முன்சீட்டுக்குப் பக்கத்தில் ஏறி ஜன்னலைத் திறந்து மூடினாள்.

வான்காரன் சாவியைத் திருப்பிய சத்தத்தில் ஸுலைஹாவுக்குள் என்னவோ அறுந்தது. நாலாம் மாடி, பூட்டிய கதவு, திறந்து மூடுகிற ஜன்னல். அவள் செருப்புமில்லாமல் முற்றத்தைக் கடந்து ஓடி வான் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“ஹஜ்ஜும்மா, கூட்டிட்டுப் போகாதீங்க. இது என்ட புள்ள.”

“தெரியும் தங்கச்சி. பெத்த புள்ள மாதிரித்தான் வளத்தீங்க.”

“மாதிரி இல்ல. நான் வயித்துல சுமந்து பெத்த புள்ள. அண்டைக்கு நான் சொன்னது பொய்.”

 அம்ஜத் படியில் நின்றான். ஹஜ்ஜும்மா ஸுலைஹாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உசனாரைப் பார்த்து, என்ன இது, நீங்கள் சொல்லுங்கள் என்று கேட்டாள். ஒரு மனிதன் தன் வாழ்நாளில் வாயைத் திறக்க வேண்டிய நேரம் ஒன்று வரும் என்றால் உசனாருக்கு அது அப்போதுதான் வந்தது. அவர் நிஸ்ரினின் முகத்தைப் பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்தார். களப்புப் பக்கம் போக வழி இருக்கவில்லை, வான் மறித்து நின்றது.

நிஸ்ரின்தான் பேசினாள். “உம்மாவுக்கு அந்தப் புள்ள மேல உசிரு மாமி. அதான் இப்படிக் கதைக்கிறாங்க.”

ஹஜ்ஜும்மா அநியாயக்காரி இல்லை. ஒரு தாயிடமிருந்து பிள்ளையைப் பறித்த பாவம் தனக்கு வேண்டாம் என்று நினைக்கிற பெண்தான். இந்தக் காரியத்தில் பொய் சொல்லத் தெரியாத ஆள் ஒன்று இருக்கிறது, அதையே கேட்போம் என்று ஜன்னல் பக்கம் குனிந்தாள்.

“மகள், இங்க பாருங்க. இவங்க உங்களுக்கு யாரு?”

ஃபஸ்னா ஜன்னலைத் திறந்து மூடுவதை நிறுத்தினாள். தாயின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் நேரே தன் முகத்துக்கு முன்னால், கண்ணை எடுக்காமல், பாயில் இருக்கும்போது இருப்பது போலவே இருந்தது. பாடம் என்று பிள்ளைக்கு விளங்கிவிட்டது. சீட்டில் சம்மணம் கட்டிக்கொண்டாள். கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“சாச்சி,” என்றாள்.

“உன்ட உம்மா எங்க மகள்?”

“மவுத்து.”

ஒரு எழுத்தும் பிசகவில்லை. பத்து வருடத்தில் நாலு பேருக்கு முன்னால் கேட்ட கேள்விக்கு அவள் சரியாகப் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை. முகமெல்லாம் சிரிப்பாக, வலது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி விரித்தாள்.

ஸுலைஹா இல்லை என்று கத்தியிருக்கலாம். வானுக்குக் குறுக்கே படுத்திருக்கலாம். அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டிருக்கலாம், இத்தனை பேர் வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டுதானே நின்றார்கள். அவள் அந்த விரித்த கையையே பார்த்தாள். பின்னால் நிஸ்ரின் விம்முவது கேட்டது. மூன்றாவது இடமும் போனால் நாலாவது இடம் வராது என்பதும் அந்த நேரத்திலும் அவளுடைய தலைக்குள் வந்துதான் போயிற்று. பிறகு அவளுடைய விரல்கள், பழகிய விரல்கள், முந்தானை முடிச்சை அவிழ்த்தன. தோடம்பழ இனிப்பை எடுத்து அந்தச் சின்னக் கைக்குள் வைத்தாள்.

ஹஜ்ஜும்மா பெருமூச்சு விட்டு, அல்லாஹ் உங்களுக்கு இதற்குரிய கூலியைத் தருவான் என்று ஸுலைஹாவின் தோளைத் தட்டிவிட்டு ஏறிக்கொண்டாள். வான் புறப்பட்டது. ஃபஸ்னா இனிப்பை வாயில் போட்டுக்கொண்டு, கை தட்டுவதற்காகத் தாயைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒருவரும் தட்டவில்லை. கற்பிட்டி வீதியில் வான் திரும்புகிற இடத்தில், திறந்த ஜன்னலுக்குள், அவள் தனக்குத் தானே தட்டிக்கொண்டாள்.